பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு



தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால், அந்த லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதைச் சுற்றி நின்றுகொள்வார்கள். வாங்கி வந்தவர் தமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். அம்மா எலுமிச்சம் பழம் தேடி உள்ளே போவார். சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம்; அதைப் பற்றிக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பழத்தை வைப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பார்க்காமல் போனதால், ஒரு வருடச் சீட்டுப் பணத்தை மூன்றே மாதத்தில் பட்டறையில் கொட்டிய குடும்பங்களை நான் அறிவேன். பணத்தோடு வண்டியையும் சேர்த்துப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு. ஆகவே, பிறர் ஓட்டிய வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கிய பின் தோட்டத்துச் சடக்குக்கும் நெடும்பயணத்துக்கும் அதை எப்படித் தயார் செய்வது என்பதை இன்று பேசுவோம்.

முதலில் எந்த வண்டி என்பது. நம் நாட்டில் கப்சாய் என்று எல்லா இனத்தவரும் அழைக்கும் சிறு வண்டியின் மூல வடிவத்தை, ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதே ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். அந்த வரிசை வண்டிகளின் உற்பத்தி 2017-இல் உலக அளவில் 10 கோடியைத் தாண்டிவிட்டது. நம் தோட்டங்களில் அதிகமாகக் காணப்படும் இ.எக்ஸ்.5 என்ற வண்டி 1987-இல் இங்கே அறிமுகமானது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தனை காலம், இத்தனை எண்ணிக்கையில் ஓடிய வண்டிக்கு எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் உதிரிப் பாகம் கிடைக்கும். எந்தத் தவுக்கேயும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார். இதற்குக் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. காலால் கியர் மாற்றினால் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலில் நெடுந்தூரம் போகும்.

இளைஞர்களுக்கு இப்போது வேறோர் ஆசை வந்திருக்கிறது. உயரமான கைப்பிடி, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, காடு மேடு எல்லாம் ஏறி நாடு சுற்றும் பெரிய வண்டி. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அப்படிப்பட்ட பல வண்டிகள் 250 சிசிக்கு மேற்பட்டவை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பி2 லைசென்ஸ் 250 சிசி வரைக்குத்தான் செல்லும். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் அதைவிட உயர்ந்த வகை லைசென்ஸ் வேண்டும். அந்த வண்டிக்கு ஒரு ஜோடி டயர் மாற்றும் செலவில் கப்சாய்க்குப் பல ஜோடி மாற்றலாம். இடைப்பட்டதாகக் கவாசாக்கி கே.எல்.எக்ஸ். 150 போன்ற உயரமான வண்டிகளும் உண்டு. பெரிய முன் சக்கரத்தால் குழியும் கல்லும் அவ்வளவாகத் தெரியாது. சேற்றிலும் நன்றாகப் போகும். ஆனால் ஆசனம் உயரம். சாமான் வைக்க இடமில்லை. பெரியவர்களால் பின்னால் ஏறி உட்கார முடியாது. வீட்டுக்கு ஒரே வண்டிதான் என்றால் என் ஓட்டு கப்சாய்க்கே. தனி ஆளாகச் சம்பாதித்துத் தன் செலவுக்குத் தானே வாங்குகிற இளைஞர் வேறு முடிவு எடுத்தால் அது அவர் பாடு.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறோம். பகலில் போங்கள். மழை பெய்து வண்டி நனைந்திருக்கும் நாளில் போகாதீர்கள். ஈரத்தில் கீறலும் தெரியாது, ஆயில் கசிவும் தெரியாது. ஒரு டார்ச் விளக்கும் பழந்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி அறிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவது நல்லது. இன்னொன்று: பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பையில் பணம் இருந்தால் கண்ணுக்குக் குறை தெரியாது.

போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் அதை ஓடவிட்டிருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த நிலையில் வண்டி எழுந்திருக்க அடம் பிடிக்கிறதா என்பதை உங்களுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை. கோபப்பட வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் சாவியைப் போடாமலே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வெண்ணெய்யில் கத்தி இறங்குவது போல இறங்கினால், உள்ளே பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்துவிட்டது. பிறகு வண்டியை எழுப்பி, குழாயின் வாயில் வரும் புகையைக் கவனியுங்கள். காலையில் சிறிது வெண்ணிற ஆவி வந்து மறைவது இயல்பு. நீலம் கலந்த புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. அது பெரும்பாலும் சிறு செலவில் தீரும். சத்தத்திலும் இதே மாதிரி பேதம் உண்டு. மேலே தலைப் பகுதியில் டிக் டிக் என்று மெல்லிய ஓசை வந்தால் வால்வு இடைவெளியைச் சரி செய்யலாம். அடியிலிருந்து கனத்த தட்டல் சத்தம், யாரோ உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பது போல வந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில் கிழக்குக்கரையிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வந்த பெருவெள்ளங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி வெள்ளம் வந்து போன பிறகு, மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவது உண்டு. வெளியே பளபளப்பாக இருக்கும். ஆகவே ஆசனத்தைத் தூக்கி அடியில் பாருங்கள். முன் விளக்கின் கண்ணாடிக்குள் மங்கலான சேற்றுக் கோடு இருக்கிறதா? மின் கம்பிகள் சேரும் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா? ஆயில் மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் ஆயில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கப்சாய் எஞ்சின்களில் பெரும்பாலானவை காற்றால் குளிர்வன; அவற்றில் எஞ்சினுக்குள் நீர் ஓடும் வழியே கிடையாது. ஆகவே தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இனி சட்டகம். எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம். விழுந்து நெளிந்த சட்டகத்தை ஒழுங்காக நிமிர்த்துவது லேசில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கூட வந்தவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தை மேலே எழுப்பிவிட்டு, கைப்பிடியை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள். சரியாக நடுவில் வரும்போது ஏதோ பள்ளத்தில் விழுவது போல் தட்டுப்பட்டால் கழுத்துப் பகுதியின் குண்டுகள் தேய்ந்துவிட்டன. குழி விழுந்த சடக்கில் ஓடிய வண்டிகளில் இது சர்வ சாதாரணம். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை, விலையில் குறைத்துக் கேளுங்கள். ஆனால் கழுத்துக்கு அருகே புதிதாகப் பற்ற வைத்த அடையாளமோ, அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயமோ கண்டால் வேண்டாம்.

கிலோமீட்டர் எண்ணை நம்பாதீர்கள். அதை மாற்றுவது எளிது. கால் மிதியின் ரப்பரும், கிக்கரின் ரப்பரும், கைப்பிடி உறையும் பொய் சொல்லத் தெரியாதவை. முள் 12,000 காட்ட, மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு எங்கோ உதைக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 1019 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் செய்த டயர். பூ நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் மழையில் வழுக்கும்.

வண்டி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் முக்கியமான கட்டம் வருகிறது. பலர் இந்த இடத்தில்தான் கவிழ்ந்து போகிறார்கள்.

கிராண்ட் என்று நாம் சொல்லும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்களை வண்டியின் சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்துள்ள எண்களோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். அழுக்கு மூடியிருந்தால் அதற்குத்தான் பழந்துணி. தேய்த்து அழித்த தடமோ, ஓர் எண் மட்டும் கோணலாக நிற்பதோ தெரிந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். போலீஸ் பிடித்தால் வண்டியும் போகும், விசாரணைக்கும் நீங்கள்தான் போக வேண்டும். அடுத்து, பத்திரத்தில் உள்ள பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாளக் கார்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா? "இது என் மச்சானின் வண்டி, அவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்" என்றால், மச்சான் வரும்வரை பொறுத்திருங்கள். 2023 பிப்ரவரி முதல் ரோட் டேக்ஸ் ஒட்டுத்தாளை வண்டியில் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் தாள் இல்லை என்பதைக் கொண்டு எதுவும் முடிவு கட்ட முடியாது. விற்பவரின் கைப்பேசியில் உள்ள மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு சம்பவம். என் சித்தப்பா மகன் ஒருவன், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். நல்ல வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. விற்றவர் சொன்னது இதுதான்: "தம்பி, எனக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கொடு. மீதித் தவணையை மாதா மாதம் என் பெயரிலேயே நீ கட்டி வா. முடிந்ததும் பெயர் மாற்றித் தருகிறேன்." சம்போங் பாயார் என்று மலாய் மொழியில் சொல்கிறார்களே, அதுதான். இவனும் பதினான்கு மாதம் தவறாமல் பணத்தை அவர் கையில் கொடுத்தான். அவர் அதைக் கடன் கொடுத்த நிறுவனத்தில் கட்டவில்லை. ஒரு நாள் காலை, பெரட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பேர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காகிதத்தில் இவன் பெயரே இல்லாதபோது இவன் யாரிடம் போய்க் கேட்பான்? அன்று வேலைக்கு நடந்து போனவன், அப்புறம் ஒரு வருடம் நடந்துதான் போனான்.

நேயர்களே, தவணை முடியாத வண்டி 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருவது. கடைசித் தவணை கட்டும்வரை அது கடன் கொடுத்த நிறுவனத்துக்கு உரியது. அந்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்கு அதைக் கைமாற்றி விடுவது குற்றம். காப்புறுதியும் பழையவர் பெயரில் இருக்கும். விபத்து நேர்ந்தால் அதனால் வரும் சிக்கல் தனி. எவ்வளவு நெருங்கியவர் சொன்னாலும், எவ்வளவு மலிவு என்றாலும், இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்களே கடையில் தவணைக்கு எடுத்தால் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அதே சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான விதிகளும் உண்டு. விலையில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டவரின் வண்டியை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பறித்துப் போக முடியாது.

பெயர் மாற்றுவதற்கு விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போங்கள். இருவரின் பெருவிரல் ரேகையும் சரிபார்க்கப்படும். நிரப்ப வேண்டிய பாரம் கே3ஏ என்பது. போவதற்கு முன் உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். வண்டி கறுப்புப் பட்டியலில் இருந்தாலோ, தவணைக் கடன் நீங்காமல் இருந்தாலோ, பெயர் மாறாது. அதனால்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது என்கிறேன். சிறிது முன்பணம், அதற்கு ஒரு ரசீது. மீதியை இலாகாவின் முகப்பில் பெயர் மாறியவுடன் கொடுங்கள். விற்பவருக்கும் இதில் நன்மைதான். பெயர் மாறாவிட்டால், நாளை நீங்கள் செய்யும் தவறுக்கு அவர் வீட்டுக்குச் சம்மன் போகும்.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. விற்றவர் "போன வாரம்தான் ஆயில் மாற்றினேன்" என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் மாற்றுங்கள். கப்சாய்க்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் வேண்டும். அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் உடல்நிலை தெரியும்: இளம் பழுப்பு நிறம் என்றால் நலம், ஈரமாக ஆயில் படிந்திருந்தால் நலமில்லை. வால்வு இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலியின் தளர்வு இரண்டு மூன்று செண்டிமீட்டர் இருக்கலாம். அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட்டால் ஆள் ஏறி உட்காரும்போது அது இழுபட்டு விரைவில் கெடும்.

தோட்டத்து வண்டிக்குப் பெரிய எதிரி செம்மண் தூசி. லாரி முன்னே போக, பின்னால் தூசியில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி, பட்டணத்து வண்டியினதைப் போல இரு மடங்கு விரைவாக அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது என்று பட்டறைக்கு ஓடுவதற்கு முன்பு வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் சக்கர மூடிக்குள் சேறு அடைந்து சக்கரமே சுற்றாது, அன்றன்றே கழுவிவிடுங்கள். ஓடையைக் கடந்த பின் பிரேக்கை லேசாகப் பிடித்தவாறு சிறிது தூரம் ஓட்டினால் உள்ளே புகுந்த தண்ணீர் காய்ந்துவிடும். அதைச் செய்யாமல் இறக்கத்தில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் கால்வாயில் விழுந்தவர்கள் உண்டு.

சாமான் ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கனமானது தாழ்வாகவும் நடுவிலும் இருக்க வேண்டும். பின் கேரியரின் கோடியில் பெரிய பெட்டியைப் பொருத்தி அதில் பத்து கிலோ அரிசி வைத்தால் முன் சக்கரம் லேசாகி, கைப்பிடி ஆடத் தொடங்கும். அதே அரிசியை முன்னால், கால்களுக்கு நடுவில் உள்ள இடத்தில் வைத்துக் கட்டினால் ஆட்டம் இல்லை. 14 கிலோ எரிவாயுத் தோம்பு என்கிறோம். அந்த 14 கிலோ உள்ளே இருக்கும் வாயு மட்டும், இரும்பின் எடை தனி. அதைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் மேல் பிள்ளையையும் உட்கார வைத்துப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பின்னால் ஒருவர் மட்டுமே உட்காரலாம் என்பது சட்டம். குழாயை வெட்டிச் சத்தம் கூட்டுவதால் வண்டிக்கு வேகம் வந்துவிடாது. லயத்தில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களின் சாபம்தான் வரும்.

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ நெடும்பயணம் போகிறவர்கள், புறப்படுவதற்கு முந்தின வாரமே வண்டியைச் சரிபார்த்து, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மாற்றுக் குழாய் ஒன்று, டயர் நெம்பும் இரும்பு இரண்டு, ஒரு பிளக், சிறு காற்றடிப்பான், மழைச்சட்டை, இவை ஆசனத்தடியிலும் சிறு பையிலும் அடங்கிவிடும். கப்சாயின் தொட்டி ஏறக்குறைய நான்கு லிட்டர்தான் கொள்ளும். 1982-இல் திறக்கப்பட்ட கிரிக் - ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போன்ற காட்டுப் பாதைகளில் பெட்ரோல் நிலையங்கள் தொலைவில் இருக்கும். கிரிக்கிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் யானைகள் நடமாட்டம் உண்டு, பகலிலேயே கடந்துவிடுங்கள். மாலை மழை பிடித்தால் ஒதுங்கி நில்லுங்கள். பகலிலும் முன் விளக்கை எரியவிட வேண்டும் என்பது 1992 முதல் நம் நாட்டு விதி.

நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் இரண்டு நல்ல தலைக்கவசத்துக்கான தொகையை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, புதிதாகவே வாங்குங்கள். பழைய வண்டி வாங்கலாம், பழைய தலைக்கவசம் வாங்கக் கூடாது. ஒருமுறை அடி வாங்கியது வெளியே தெரியாமலே உள்ளே நொறுங்கியிருக்கும். பதினாறு வயது நிரம்பாத பிள்ளைக்கு லைசென்ஸ் கிடையாது. "கடை வரைக்கும்தானே" என்று சாவியைக் கொடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், சொக்சோவில் சந்தா கட்டும் தொழிலாளிக்கு அதன் பாதுகாப்பு உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் வழியில் வேறு காரியமாக எங்கோ சுற்றிப் போய்விட்டுக் கேட்டால் சிக்கல்தான். விபத்து என்றால் உடனே போலீஸ் புகார் செய்யுங்கள். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். தோட்ட அலுவலகத்துக்கும் அன்றே தெரிவியுங்கள்.

கிராண்ட், காப்புறுதிச் சீட்டு, ரசீது ஆகியவற்றின் அசலை வீட்டில் ஒரே உறையில் போட்டு வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் உள்ள இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வண்டியின் ஆசனத்தடியில் நகல் இருந்தால் போதும். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள். செம்மண் சடக்கில் ஓடும் வண்டியில் எண் பலகைதான் முதலில் கழன்று விழும்.